தையல் பிரிச்சாச்சு, தலை ஆறிடுச்சா?

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்து, தாடைப் பட்டையை மாட்டாமலே இறங்கி வரும் பையன்களை எந்த ஞாயிறும் பார்க்கலாம். வண்டி சரிந்ததும் முதலில் கழன்று உருளுவது அந்த ஹெல்மெட்தான். அப்புறம் சேலம் ஆஸ்பத்திரி, ஸ்கேன், தையல். இரண்டு மாதத்தில் முடி வளர்ந்து தழும்பை மூடிவிடும். “நல்லாத்தான் இருக்கான், வாடா மாப்ள” என்று கூட்டாளிகள் குடிக்கக் கூப்பிடுவது அப்போதுதான். எனக்குப் பயமே அந்த நாளை நினைத்துத்தான்.

எலும்பு கூடிவிடும். மூளை அப்படியில்லை. அடிபடும்போது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி எளிதில் கன்றிப்போகிறது. “போதும், நிறுத்து” என்று சொல்லவேண்டிய இடமே அதுதான். 25 வயது வரைக்கும் அது முழுசாக முதிர்வதுகூட இல்லை. முன்பு இரண்டு பீர் தாங்கியவன் இப்போது ஒன்றிலேயே தடுமாறுவான், நிறுத்தவும் தெரியாது. பழைய அளவு இனி அளவே இல்லை.

அடுத்து வலிப்பு. அடிபட்டு மாதங்கள், சில பேருக்கு வருஷங்கள் கழித்தும் வரும். அதற்குத்தான் லெவெடிராசிட்டமோ ஃபெனிடாயினோ எழுதிக் கொடுக்கிறார்கள். “இன்னைக்குச் சரக்கு, மாத்திரை வேண்டாம்” என்று ஒரு வேளையை விடுவது மிக மோசமான வேலை. மாத்திரையும் இல்லை, தூக்கமும் இல்லை, விடியும்போது சாராயத்தின் போதையும் இறங்குகிறது. மூன்றும் சேர்ந்தால் வலிப்புக்கு வேறென்ன வேண்டும்? தினமும் குடித்துப் பழகியவர் திடீரென நிறுத்தினாலும் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். அவரை டாக்டர் பார்வையில்தான் நிறுத்த வைக்கவேண்டும்.

வலி மாத்திரையைப் போதைக்குப் போடும் கொடுமை இன்னும் பெரிது. டிரமடால் தானாகவே வலிப்பைத் தூண்டும். டேபென்டடாலை மதுவோடோ தூக்க மாத்திரையோடோ கலந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடலாம். கஞ்சாவை “மூலிகைதானே” என்கிறார்கள். ஏற்கெனவே மறதியோடு போராடும் மூளையில் அது மிச்சமிருக்கும் கவனத்தையும் பிடுங்கும். சிலருக்குக் காரணமில்லாத சந்தேகத்தையும் பயத்தையும் கிளப்பும்.

கூட்டாளிகளே, இதை மட்டும் மனதில் வையுங்கள். தலையில் அடிபட்டவன் குழறினாலும், வாந்தி எடுத்தாலும், எழுப்பினால் எழாவிட்டாலும் “மட்டையாயிட்டான், தூங்கட்டும்” என்று விடாதீர்கள். மண்டைக்குள் மெதுவாகக் கசியும் ரத்தம் வாரக்கணக்கில் கழித்தும் இதே மாதிரிதான் காட்டும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். வலிப்பு வந்தால் நேரம் பாருங்கள்; 5 நிமிஷம் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் சாவி கொடுத்தால் நிற்காது. என்ன போட்டான் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், மிச்சமிருந்தால் மாத்திரை அட்டையையும் கொண்டுபோங்கள். அவருக்குத் தெரிந்தால்தான் சரியான மருந்து கொடுக்க முடியும்.

வீட்டில் இருப்பவர்கள் பையனைத் திட்டுவதற்கு முன்னால் மாத்திரை அட்டையை எண்ணிப் பாருங்கள். சட்டென்று கோபம், இரவெல்லாம் விழிப்பு இருந்தால் அது காயத்தாலும் வரும், சில சமயம் லெவெடிராசிட்டத்தாலும் வரும். அந்தத் தவிப்பை அடக்கத்தான் பல பையன்கள் போதையைத் தேடுகிறார்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொன்னால் மாற்றிக் கொடுப்பார். மனம் தாங்காவிட்டால் 14416, பழக்கத்தை விட 14446. இரண்டும் இலவச அழைப்புதான்.