வால் ஆடினால் பிடித்திருக்கிறது என்று அர்த்தமில்லை

தவழும் குழந்தை வீட்டு நாயின் கழுத்தைக் கட்டிக்கொள்ளும் காணொளிக்குக் கீழே, "வால் ஆடுகிறது, அதனால் நாய்க்குப் பிடித்திருக்கிறது, பயமில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் அதையே பகிர்கிறார்கள். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான், ஆனால் சரியில்லை.

வால் ஆடினால் நாய் ஏதோ ஒரு கிளர்ச்சியில் இருக்கிறது, அவ்வளவுதான். மகிழ்ச்சியாக இருக்கலாம், பதற்றமாகவும் இருக்கலாம். 2007-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், வளர்ப்பவரைப் பார்த்த நாய்களின் வால் வலப்பக்கம் சாய்ந்து ஆடியது. அறிமுகமில்லாத, மிரட்டும் நாயைப் பார்த்தபோது இடப்பக்கம் சாய்ந்தது. இரண்டும் வாலாட்டம்தான். (இதை வீட்டில் அளக்க உட்காராதீர்கள், வெறும் கண்ணுக்குப் பிடிபடுவது கஷ்டம்.)

நீங்களே சரிபார்க்கலாம். அதே காணொளியின் வேகத்தைக் கால்வாசியாகக் குறைத்து, வாலை விரலால் மறைத்துக்கொண்டு முகத்தை மட்டும் பாருங்கள். குழந்தையின் கை கழுத்தில் விழுந்ததும் திறந்திருந்த வாய் மூடிக்கொள்கிறது. முகம் குழந்தையை விட்டு வேறு பக்கம் திரும்புகிறது. நாக்கு ஒருமுறை மூக்கை நக்குகிறது, கண்ணோரம் வெள்ளை பிறைபோலத் தெரிகிறது. "கொஞ்சம் விடு" என்று நாய் கேட்பது இப்படித்தான். சந்தேகமிருந்தால் உங்கள் கால்நடை மருத்துவரிடம் காணொளியைக் காட்டிக் கேளுங்கள்.

எங்கள் வீட்டுப் பழைய காணொளி ஒன்றை இப்படிப் பார்த்த அன்றே கூடத்தில் தடுப்புக் கதவு போட்டோம். அதிலும் வால் ஆடிக்கொண்டுதான் இருந்தது.