கையெழுத்துப் போட்டால் காலம் முழுக்க விடமாட்டார்களா?

“மருத்துவ ஆய்வுக்கு ஒரு தடவை கையெழுத்துப் போட்டால் போதும், செல்லூரிலிருந்து திருமங்கலத்துக்கு வீடு மாறினாலும் ஆதாரை வைத்துப் பிடித்துவிடுவார்கள், மறுக்க முடியாது” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறான செய்தி இது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைப்படி, ஆய்விலிருந்து எப்போது வேண்டுமானாலும் விலகலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. வழக்கமான சிகிச்சையும் நிற்காது. ஆதார் எண்ணை வைத்து முகவரி தேட ஆய்வுக் குழுவுக்கு வழியே கிடையாது.

அப்புறம் வீடு மாறியவர்களை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? சேரும் அன்றே, “வீடு மாறினால் யாரைக் கேட்கலாம்?” என்று கேட்டு அக்கா, மாமா என நீங்கள் சொல்லும் ஓரிருவர் எண்ணைக் குறித்துக்கொள்கிறார்கள். அந்த மாமாவைக் கூப்பிடும்போது நோயின் பெயரையோ ஆய்வின் பெயரையோ சொல்லக் கூடாது. “இந்த எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள்”, அவ்வளவுதான். காசநோய் என்ற ஒரு சொல் தெருவில் விழுந்தால் ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சே நின்றுவிடும். அதனால் இந்த விஷயத்தில் கொஞ்சமும் அலட்சியம் கூடாது.

தேடுவதற்குக் காரணமும் இருக்கிறது. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வில் நோயாளிகளை 5 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்பது அப்படித்தான் உறுதியானது.

யாராவது வந்தால் அடையாள அட்டையைக் கேளுங்கள். நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவத்தில், ஆய்வு முறையாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் இருக்கும், கூப்பிட்டு விசாரியுங்கள். விருப்பமில்லையா, “வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள்.