‘இன் தி ஸ்டில் ஆஃப் தி நைட்’: இரண்டும் ஒரே பாட்டல்ல

அமெரிக்கப் பாடகர் குழுவான ஃபைவ் சாட்டின்ஸின் ‘இன் தி ஸ்டில் ஆஃப் தி நைட்’, அமெரிக்க இசையமைப்பாளர் கோல் போர்ட்டர் 1937இல் அதே தலைப்பில் எழுதிய பாட்டின் மறுபதிவு என்று பகிரப்படுகிறது. தவறு. ஒற்றுமை தலைப்பில் மட்டும்தான். ஃபைவ் சாட்டின்ஸ் பாட்டை எழுதியவர் குழுவின் முதன்மைப் பாடகர் ஃப்ரெட் பாரிஸ். 1956இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில், ஒரு தேவாலயத்தின் நிலவறையில் பதிவானது. குழப்பம் வேண்டாமென்றே தலைப்போடு ‘ஐ’ல் ரிமெம்பர்’ என்று பின்னர் சேர்த்தார்கள்.

கேட்டாலே வித்தியாசம் புரியும். ஃபைவ் சாட்டின்ஸ் பாட்டை சி மேஜர் சுருதியில் வாசித்தால் சி, ஏ மைனர், எஃப், ஜி என்ற நான்கு கார்டுகள்தான் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள்) பெரும்பாலும் சுழலும். ஒவ்வொரு தாளத்தட்டும் மூன்றாகப் பிரியும். பின்குரல்கள் ‘ஷூ-டூ, ஷூபி-டூ’ என்று விடாமல் தாங்க, மேலே பாரிஸின் குரல் நிதானமாக இழையும். போர்ட்டரின் மெட்டோ நீண்டு வளர்வது. இந்தச் சுழற்சி அதில் இல்லை.

1956இல் அமெரிக்காவின் பில்போர்ட் பாப் பாட்டுப் பட்டியலில் 24ஆம் இடம்வரை போன ஃபைவ் சாட்டின்ஸ் பாட்டு, 1960இலும் 1961இலும் மறுபடி பட்டியலில் ஏறியது.