பழைய சவரக்கத்தியை மெருகேற்றிக் கெடுக்காதீர்கள்

பழைய மடக்குச் சவரக்கத்தி ஒன்று கையில் கிடைத்ததும் நிறையப் பேர் முதல் வேலையாக அதைப் பஃபிங் வீலில், அதாவது மெருகேற்றும் சுழல்சக்கரத்தில், கொடுக்கிறார்கள். முகம் பார்க்கிற அளவுக்கு மின்னும். படம் போட்டால் லைக்கும் குவியும். ஆனால் அந்தக் கத்தி சவரத்துக்கு உதவுமா என்று யாரும் கேட்பதில்லை. அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

காரணம் சூடு. இரண்டு பக்கமும் குழித்து அரைத்த ஹாலோ கிரவுண்ட் அலகு, வாய்ப்பக்கம், அதாவது வெட்டும் விளிம்பில், காகிதம் போல மெல்லிசு. வீல் பட்ட நொடியில் அந்த இடம் சுட்டுவிடும். 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே எஃகின் பதம் இளகத் தொடங்கும். வாயோரம் வைக்கோல் நிறமோ நீலமோ ஏறிவிட்டால் அந்த இடத்தில் இனி கூர் நிற்காது. எந்தக் கல்லில் தீட்டினாலும் பலனில்லை.

இன்னொரு காரணம் கணக்கு. சவரக்கத்தியைத் தீட்டும்போது முதுகும் (வாய்க்கு எதிரே உள்ள தடித்த பக்கம்) வாயும் சேர்ந்தே கல்லில் படுகின்றன. ஆகவே கோணத்தை நம் கை தீர்மானிப்பதில்லை, முதுகின் தடிமனும் அலகின் அகலமும்தான் தீர்மானிக்கின்றன. அகலம் 17 மி.மீ., முதுகு 5 மி.மீ. என்றால் வாயின் கோணம் கிட்டத்தட்ட 17 டிகிரி, சவரத்துக்கு நல்ல கோணம். தேய்த்துத் தேய்த்து முதுகு 4 மி.மீ. ஆகிவிட்டால் கோணம் பதிமூன்றரைக்கு இறங்கும்; வாய் பொடிந்து உதிரும். முதுகில் கைவைப்பவர்கள் இதை யோசித்துவிட்டுக் கைவைக்கட்டும்.

வாங்கும்போதே வாயைப் பாருங்கள். பக்கவாட்டில் துருக்குழி இருந்தால் பரவாயில்லை, வாயிலேயே குழி இருந்தால் விட்டுவிடுங்கள். தீட்டத் தீட்ட அந்தக் குழி திறந்து, வாய் பல் பல்லாகப் போகும். விரிசல் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. மெல்லிய எண்ணெய் தடவிச் சுத்தமாகத் துடைத்துவிட்டுச் சற்று நேரம் வையுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து முடியளவு கோடாகத் தெரியும். அந்தக் கத்தி முகத்துக்கு ஆகாது.

துரு எடுக்க எண்ணெயும் 0000 நம்பர் ஸ்டீல் வுல்லும் (மிக மெல்லிய எஃகு நார்) பெரும்பாலும் போதும். அடங்காத இடத்துக்கு 600, 1000 நம்பர் உப்புத்தாளைக் கார்க்கில் சுற்றி, நனைத்து, கையாலேயே தேயுங்கள். சிவப்புத் துருதான் எஃகைத் தின்னும். கருத்த படலம் அப்படியே இருக்கட்டும். அலகில் பொன்முலாம் எழுத்து இருந்தால் அந்தப் பக்கம் பாலிஷ் படவே கூடாது, இரண்டு தேய்ப்பில் போய்விடும். வினிகரில் ஊறவைக்கச் சொல்பவர்கள் உண்டு. துருவோடு நல்ல எஃகையும் அது அரிக்கும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

பிடி செல்லுலாய்டா (பழைய காலப் பிளாஸ்டிக்) என்று கவனியுங்கள். மடக்கினால் பிடிக்குள் போகிற பகுதியில் மட்டும் துரு அப்பியிருந்து, கற்பூர வாசனையோ நெடியோ வந்தால் அது சிதையத் தொடங்கிவிட்டது. அதிலிருந்து வரும் அமில ஆவி பக்கத்தில் இருக்கிற கத்தியையும் அரிக்கும். அலகையும் பிடியையும் இணைக்கும் ஆணியின் தலையை அரத்தால் தேய்த்துத் தட்டி எடுத்து, பிடியை மாற்றிவிடுங்கள். செல்லுலாய்டு சட்டென்று தீப்பிடிக்கும், நெருப்பருகே வைக்க வேண்டாம். புது ஆணிக்கு 1/16 அங்குலப் பித்தளைக் கம்பி சரியாக இருக்கும். மெல்ல மெல்லத் தட்டுங்கள். ஓங்கி அடித்தால் பிடி பிளக்கும்.

தீட்டுவதில் உண்மையான உழைப்பு 1000 நம்பர் கல்லில்தான்; நம்பர் ஏற ஏறக் கல் நைசாகும். முதுகில் ஒரு சுற்று மின்வேலை டேப் ஒட்டினால் முதுகு தேயாது, கோணம் ஏறக்குறைய ஒரு டிகிரி கூடும், அவ்வளவுதான். வாயோரம் மார்க்கரால் கோடு போட்டு, வாய் முன்னே போகும்படி நாலு தடவை இழுத்துப் பாருங்கள். மை எங்கே மிச்சமோ அங்கே கல் தொடவில்லை. பிறகு வாயை விளக்கொளியில் நேராகப் பிடியுங்கள். புள்ளி புள்ளியாக மின்னினால் அங்கே இன்னும் மழுங்கல். கூர்மைக்கு ஒளி காட்ட இடமே கிடையாது. 1000-இல் முழு நீளமும் கைமுடியை வெட்டும்வரை மேலே போகாதீர்கள். அவசரப்பட்டு 12000-க்குப் போகிறவர்கள் மழுங்கலையே மெருகேற்றுகிறார்கள். அதன்பின் 4000, 8000, 12000. கடைசியில் கத்தியின் எடை மட்டும் போதும், அழுத்தவே கூடாது.

கல்லுக்குப் பிறகு கூரைச் சீராக்க இழுக்கும் தோல்வாரில் திசை மாறும், முதுகுதான் முன்னே போக வேண்டும். வாரின் துணிப்பட்டையில் 20, தோலில் 50 இழுப்பு. திருப்பும்போது முதுகின்மேல் புரட்டுங்கள். வாயின்மேல் புரட்டினால் வாரும் வெட்டுப்படும், கூரும் மடங்கும். வார் தொய்ந்து தொங்கினால் வாய் உருண்டுவிடும், விறைப்பாகப் பிடியுங்கள்.

சவரத்துக்கு வெந்நீரில் முடியை நன்றாக ஊறவிட்டு, தோலை இழுத்துப் பிடித்து, முடி வளர்ந்த திசையிலேயே கத்தியை ஓட்டுங்கள். தோலுக்கும் அலகுக்கும் இடையே கிட்டத்தட்ட 30 டிகிரி. வாய் நீளவாக்கில் பக்கவாட்டாக நழுவினால் வெட்டு நிச்சயம். முதல் சில தடவை கன்னத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தாடைமுனையும் மேலுதடும் கை பழகியபின். முடியைப் பிடித்து இழுத்தால் கூர் போதவில்லை. வழவழவென்று வந்தும் எரிந்தால் பெரும்பாலும் கோணம் அதிகம் அல்லது அழுத்தம் அதிகம்.

முடிந்ததும் ஈரத்தோடு மடக்கிவிடாதீர்கள். துடைத்து, சற்று நேரம் திறந்தே வைத்து, ஒரு சொட்டு மினரல் ஆயில் தடவி வையுங்கள். ஒருவர் கத்தியை இன்னொருவர் பயன்படுத்தவே வேண்டாம், ரத்தம் வழி நோய் தொற்றும். பழைய கத்தி கைக்கு வந்ததும் முதல் சவரத்துக்கு முன் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் அலகையும் பிடியின் உட்புறத்தையும் துடைத்து, தானாக உலரும்வரை விடுங்கள்.