ஐபி68 இருந்தாலும் கடலுக்கு அல்ல

கேட்கும் திறன் இல்லாதவர்களுக்கு அறுவை மூலம் பொருத்தப்படும் காக்ளியர் கருவியின், வெளியே அணியும் பகுதியான ஒலிச்செயலிக்கு, தூசியையும் நீரையும் தாங்குவதைக் குறிக்கும் ஐபி68 தரக்குறியீடு இருப்பதால், கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் பிள்ளையை அதோடு கடலில் இறக்கலாம், நனைந்தால் ஹேர் டிரையரில் காயவைத்தால் போதும் என்று நண்பர் ஒருவர் கூறியிருக்கும் இரண்டுமே தவறு. அந்தக் குறியீடு நன்னீரில், குறிப்பிட்ட ஆழத்துக்கும் நேரத்துக்கும் செய்யப்படும் சோதனையைக் குறிக்கிறதே தவிர, உப்பும் மணலும் கலந்த அலைக்குப் பொருந்தாது. உப்பு பேட்டரி முனைகளை அரிக்கும், மணல் மைக்ரோஃபோன் துளைகளை அடைக்கும். மேலும், துத்தநாக-காற்று பேட்டரி இயங்கக் காற்று புக வேண்டியிருப்பதால், தண்ணீரில் இறங்கும்போது ஒலிச்செயலிக்கு மாட்டும் நீர்க்காப்பு உறைக்குள் பொதுவாக ரீசார்ஜ் பேட்டரியையே பயன்படுத்துகிறார்கள்.

ஹேர் டிரையரின் சூடு கருவியைக் கெடுக்கும். நனைந்தால் உடனே பேட்டரியைக் கழற்றி, மென்துணியால் துடைத்து, ஈரமுறிஞ்சி உள்ள உலர்த்தும் பெட்டியில் இரவு முழுவதும் வைக்க வேண்டும். கடலூர், புதுச்சேரி போன்ற ஈரக்காற்று ஊர்களில், நனையாத நாளிலும் இது தேவை. அறுவைக்காயம் முழுமையாக ஆறியபின், தோலுக்கடியில் உள்ள பகுதிக்குக் குளியலால் கேடில்லை. எனவே ஒலிச்செயலியைக் கழற்றிவிட்டுப் பிள்ளையைத் தண்ணீரில் விடலாம், ஆனால் அப்போது நாம் கூப்பிடுவது அதற்குக் கேட்காது என்பதால், பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும்.