கேபிளைச் செருகிப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கலாம்

சனிக்கிழமை ரிகர்சலில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இரண்டு நாளாக ஆளாளுக்கு இன்பாக்ஸில் வந்து "விடுங்க, பெரிசு பண்ணாதீங்க, அண்ணன் நல்ல எண்ணத்துலதான் சொன்னார்" என்கிறீர்கள். சரி, நல்ல எண்ணம்தான். அதை ஒப்புக்கொண்டே எழுதுகிறேன்.

அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். இல்லாதவர்களுக்கும் இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. நம் குழுவில் மூத்த கிட்டாரிஸ்டான அண்ணன் என் அக்கா மகளின் எலெக்ட்ரிக் கிட்டாரைக் கையில் வாங்கினார். தலைப்பகுதியில் இருந்த கம்பெனி பெயரைப் படித்தார். திருப்பி, பின்பக்கம் ஒரு பார்வை. "இதுல பழகினா கை கெட்டுப் போயிடும்மா, காசு சேர்த்து நல்லதா ஒண்ணு வாங்கு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டடி தள்ளி ஆம்ப் (கிட்டாரின் ஒலிபெருக்கி) ஆன் ஆகியிருந்தது. கேபிள் தரையில் கிடந்தது. அவர் செருகவே இல்லை.

என் வருத்தம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. ஒரு நிமிஷம் வாசித்துவிட்டு "சரியில்லை" என்று சொல்லியிருந்தால் இந்தப் பதிவே இல்லை. முப்பது வருஷம் வாசித்தவரின் காது அது, எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. அன்றைக்கு அந்தக் காதுக்கு வேலையே கொடுக்கவில்லை. கண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

என் அக்கா மகளுக்குப் பதினைந்து வயசு. மூன்று வாரமாக ஒரே ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் பழகிக்கொண்டு வந்திருந்தாள், உங்கள் எல்லார் முன்னாலும் வாசிக்க. கிட்டாரைப் பையில் வைத்து ஜிப்பை மூடிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். திரும்பி வரும்போது பாதி வழியில் கேட்டாள்: "சித்தி, இது மோசமான கிட்டாரா? நீங்கதானே எடுத்துக் கொடுத்தீங்க?"

ஆமாம், நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அதனால் இதில் எனக்குச் சொந்த வலி இருக்கிறது, மறைக்கவில்லை. அக்கா மாதக்கணக்கில் ஒதுக்கி வைத்த பணம் அது. அந்தப் பணத்துக்குள் எது நல்லது என்று தேடி, கேட்டு, நாலைந்தை வாசித்துப் பார்த்து எடுத்தது. கம்பெனி பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் பேச்சு அதைப் பற்றிப் போய்விடும். இரண்டு ஹம்பக்கர் (தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பில் இரட்டைச் சுருள் வகை), ஒரு மூன்று வழி ஸ்விட்ச், வால்யூம், டோன். அவ்வளவுதான். வேண்டுமென்றேதான் ஹம்பக்கர் உள்ளதாக எடுத்தேன்.

காரணம் என் முதல் கிட்டார். அதில் இருந்தது சிங்கிள் காயில், அதாவது ஒற்றைச் சுருள் பிக்கப். அப்போது இருந்த அறையில் தலைக்கு மேலே ட்யூப்லைட், சுவருக்குப் பின்னால் யாருடைய ஃப்ரிட்ஜோ. சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனைப் போட்டால் போதும், தந்தியைத் தொடுவதற்கு முன்னாலேயே "ம்ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம். நாற்காலியை மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தால் ஒரு கோணத்தில் சத்தம் குறையும். அந்தக் கோணத்தில் உட்கார்ந்தால் எதிரே வெறும் சுவர். இரண்டு வருஷம் அந்தச் சுவரைப் பார்த்தே வாசித்தேன். பிறகு தெரிந்தவர் ஒருவர் தன் பழைய ஹம்பக்கர் கிட்டாரை இரவல் கொடுத்தார். செருகினேன், கெயினைக் கூட்டினேன், ஒரு சத்தமும் இல்லை. ஆம்ப் செத்துவிட்டது என்றே நினைத்தேன். கேபிளை ஆட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் தற்செயலாகக் கை தந்தியில் பட்டபோதுதான் அறையே அதிர்ந்தது. அந்த அமைதி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவளுக்கு முதல் நாளிலிருந்தே அது கிடைக்கட்டும் என்று நினைத்தேன். இது தப்பா?

அந்த அமைதி விலையிலிருந்து வருவதில்லை. பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய செப்புக் கம்பியும். மேலே எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப் புலம் மாறும், சுருளில் மின்சாரம் பிறக்கும். சிக்கல் என்னவென்றால் அந்தச் சுருள் ஏரியல் மாதிரி வேலை செய்து, வீட்டு மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் சேர்த்து இழுக்கும். ஹம்பக்கரில் இரண்டு சுருள்கள். இரண்டாவதில் காந்தமும் தலைகீழ், சுருள் இணைப்பும் தலைகீழ். தந்தியின் சமிக்ஞை இரண்டு முறை புரண்டு நேராகிச் சேர்ந்துகொள்ளும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒரு முறைதான் புரளும், ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய்விடும். கிப்ஸன் கிட்டார் கம்பெனியில் இருந்த செத் லவர் 1955-இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1959-இல் கிடைத்தது. நடுவில் 1957-லேயே அவர்களுடைய லெஸ் பால் மாடல் கிட்டார்களில் வந்துவிட்டது. 'காப்புரிமைக்கு விண்ணப்பித்துள்ளோம்' என்று அடியில் ஸ்டிக்கர் ஒட்டிய அந்தக் காலத்து பிக்கப்களைத்தான் இன்றைக்கு பிஏஎஃப் (Patent Applied For) என்று கொண்டாடுகிறோம். அந்தக் காப்புரிமையின் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. இன்றைக்கு யாரும் சுற்றலாம், சுற்றுகிறார்கள். இவளுடைய பிரிட்ஜ் பிக்கப்பை, அதாவது தந்தி கட்டியிருக்கும் அடிப்பக்கத்து பிக்கப்பை, மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தேன், மின்தடை 8.2 கிலோ ஓம். பழைய பிஏஎஃப்களும் ஏழரை, எட்டு, எட்டரை என்று அந்த வட்டாரம்தான். அது ஒன்றே டோனைத் தீர்மானிக்காது, தெரியும். ஆனால் தலைப்பகுதியில் இருக்கும் பெயர் அந்த அளவுகூடத் தீர்மானிக்காது.

"அப்ப விலைக்கு மரியாதையே இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. விலை கூடினால் ட்யூனிங் சாவிகள் வழுக்காது, கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளின் விளிம்புகளை இழைத்து அனுப்புவார்கள், குமிழ்கள் கரகரக்காது. இவள் கிட்டார் வந்த அன்று என்ன நிலையில் இருந்தது என்று எனக்குத் தெரியாதா? கழுத்தின் ஓரத்தில் விரலை ஓட்டினால் ஃப்ரெட் முனைகள் கீறின. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடித்த தந்தி இரண்டரை மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. அப்படியே விட்டிருந்தால் அண்ணன் சொன்ன மாதிரி கை நொந்துதான் போயிருக்கும். ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்தேன். ஃப்ரெட் முனைகளைச் சின்ன அரத்தால் ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். ஆலன் கீயால், கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடைக் கால் சுற்று. பிரிட்ஜை இறக்கித் தந்தியை 1.7-க்குக் கொண்டுவந்தேன். பத்தாம் நம்பர் தந்தி செட் போட்டு, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தின சுரமும் அதே இடத்து ஹார்மோனிக்கும் ஒத்துப்போகும்வரை பிரிட்ஜில் தந்தியைத் தாங்கும் சாடில்களை ஒவ்வொன்றாக நகர்த்தினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ட்யூனர் முள்ளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள், "இன்னும் கொஞ்சம் சித்தி, இன்னும் கொஞ்சம்." கழுத்துப் பக்கத்து பிக்கப் மட்டும் முதலில் கொழகொழவென்று கேட்டது. இரண்டு திருகையும் இளக்கி அதைத் தந்தியிலிருந்து கொஞ்சம் கீழே இறக்கினதும் கார்டின் ஒவ்வொரு சுரமும் தனியாகப் பிரிந்தது. இத்தனைக்கும் செலவு ஒரு செட் தந்தி.

சனிக்கிழமை அண்ணன் கையில் இருந்தது அந்தக் கிட்டார். இத்தனை வேலை நடந்த கிட்டார். செருகியிருந்தால் தெரிந்திருக்கும்.

"ஹம்பக்கர்ல மேல்ஸ்தாயி மங்கிடும், சிங்கிள் காயில் மாதிரி மணி அடிக்காது" என்பீர்கள். உண்மை. ஒரே தந்தியை இரண்டு இடத்தில் கேட்கிறது, சில உயர் அதிர்வுகள் கழிந்துபோகும். அவளுக்கு வேண்டியது கனமான ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்ன இசைத் துண்டு), மணியோசை இல்லை. "மறுபடி விற்றால் விலை போகாது." நாங்கள் விற்கப் போவதில்லை. "மரம் சரியில்லையே" என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த மாடலுக்குப் பெயர் கொடுத்த கிட்டாரிஸ்ட் லெஸ் பால் 1940 வாக்கில் நாலுக்கு நாலு அங்குலப் பைன் கட்டையில் பிக்கப்பை வைத்துத்தான் வாசித்தார். பார்க்கக் கிட்டார் மாதிரி இருக்கட்டும் என்று இரண்டு பக்கமும் வேறு கிட்டாரின் உடல் பாதிகளை மாட்டினார். ராக் கிட்டாரிஸ்ட் எடி வான் ஹேலன் தானே சேர்த்துக் கட்டிய கிட்டாரின் கணக்கு நம் எல்லாருக்கும் மனப்பாடம்: உடல் 50 டாலர், கழுத்து 80 டாலர், அதில் பழைய கிப்ஸனிலிருந்து கழற்றிய ஒரே ஒரு ஹம்பக்கர். 1978-இல் அந்தச் சத்தம் வந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. இதே ரிகர்சல் அறையில் அந்தக் கதையை எத்தனை தடவை கண் விரியச் சொல்லியிருக்கிறீர்கள்! அந்தத் தலைப்பகுதியை மட்டும் யாராவது படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தால்?

எடியும் இவளும் ஒன்றா என்று கேட்காதீர்கள். ஒன்றில்லை. இவள் கிட்டார் பழக ஆரம்பித்து இது ஏழாவது மாதம்தான். அதனால்தான் எனக்கு இவ்வளவு வருத்தம். எடியைச் சொல்லால் நிறுத்தியிருக்க முடியாது. இவளை முடியும்.

இதை ஏன் இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறேன் என்றால், எனக்கும் நடந்திருக்கிறது. பத்தொன்பது வயசில், அந்த ரீங்கரிக்கும் கிட்டாரோடு ஓர் இடத்துக்கு வாசிக்கப் போனேன். பாதியில் ஆம்பை அணைத்துவிட்டு "முதல்ல பொருளைச் சரி பண்ணிட்டு வா" என்றார்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள், அவர்களுக்கும் நல்ல எண்ணம்தான் இருந்திருக்கும். நான் சரி பண்ணிக்கொண்டும் போகவில்லை, சரி பண்ணாமலும் போகவில்லை. யார் முன்னாலும் வாசிக்க மூன்று வருஷம் ஆயிற்று. எங்கே போனாய் என்று அந்த மூன்று வருஷத்தில் ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கிட்டாரில் ரீங்காரமாவது இருந்தது. அவர்கள் அதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்கள். இவளுடையதில் அதுகூட இல்லை.

நேற்றும் இன்றும் அவள் பையைத் திறக்கவில்லை. அக்கா போன் பண்ணி, "வேற வாங்கணுமாடி? எவ்வளவு ஆகும்?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கிட்டாருக்கு ஒன்றும் குறையில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் சொன்னவர் அண்ணன். நான் வெறும் சித்தி.

அண்ணா, இதை நீங்கள் படிப்பீர்கள். நாளைக்கு வீட்டுக்குப் போய் அவளைச் சமாதானப்படுத்தி, இந்தச் சனிக்கிழமை கூட்டி வருகிறேன். அதே கிட்டார்தான். உங்கள் ஆம்பிலேயே செருகுங்கள். பிரிட்ஜ் பிக்கப், வால்யூம் முழுசாக, டோன் முழுசாக. அஞ்சு நிமிஷம் நீங்களே வாசியுங்கள், அவள் பக்கத்தில் நின்று கேட்கட்டும். அதற்கப்புறமும் மோசம் என்று உங்களுக்குத் தோன்றினால் சொல்லுங்கள், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். அக்காவிடமும் நானே சொல்லிக்கொள்கிறேன்.