நான் காசு போட்டு வாங்குன மெமரி கார்டுல இருந்த மேப்பை, என்னைக் கேக்காம போன் ஏன் அழிக்கணும்?

ரெண்டு நாளாச்சு, ஆத்திரம் இன்னும் அடங்கல. எனக்கு எலக்ட்ரானிக் தராசு சர்வீஸ் பண்ற வேலைங்க, பொள்ளாச்சியில இருந்து வாரத்துக்கு ரெண்டு தடவையாவது வால்பாறை ஏறணும். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு, அதெல்லாம் பழகிப்போச்சு. மெயின் ரோட்டை விட்டு எஸ்டேட்டுக்குள்ள இறங்குனா பாதி இடத்துல சிக்னல் சுத்தமா கிடையாது, எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி தேயிலை, ஒரே மாதிரி மண் ரோடு. அதுக்காகத்தான் ஆஃப்லைன் மேப். போன்ல இருக்கறது 32 ஜிபி, சிஸ்டமும் வாட்ஸப்பும் சேர்ந்து அதை ரொப்பிடுது, அதனால தனியா 64 ஜிபி மெமரி கார்டு வாங்கிப் போட்டு, ஆப் செட்டிங்ஸ்ல மேப்பை எங்க வெக்கணும்னு கேட்ட இடத்துல மெமரி கார்டுன்னு குடுத்து, தமிழ்நாடு கேரளா ரெண்டையும் இறக்கி வெச்சிருந்தேன்.

மேப் மட்டும் போயிருந்தா கூட திரும்ப இறக்கிக்கலாம். ரெண்டு வருஷமா போகும்போதெல்லாம் நான் குறிச்சு வெச்ச இடங்க இருந்துச்சு. எந்த கேட்டை சாயங்காலம் பூட்டிடுவாங்க, எந்த ரோட்டுல மழை பெஞ்சா வண்டி மாட்டிக்கும், எந்த டிவிஷன் எடை ஷெட்டுக்கு எந்தப் பாலம் தாண்டித் திரும்பணும், எல்லாம் ஒவ்வொண்ணா வண்டிய நிறுத்திட்டு டைப் பண்ணது.

போன வாரம் ஆப் தொறந்தா தொறந்த இடத்துலயே நிக்குது. கடையில கூட வேலை பாக்குற பையன் சொன்னான், அழிச்சுட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணுங்கண்ணா சரியாயிடும்னு. எல்லாரும் சொல்றதுதானே. மேப்பு கார்டுல இருக்கு, ஆப்பு போன்ல இருக்கு, ஆப்பை எடுத்தா கார்டுக்கு என்ன ஆகப்போகுதுன்னு தைரியமா அழிச்சேன். திரும்ப போட்டதும் நல்லா ஓடுச்சு, வீட்டு நெட்டுல மேப்பும் தெரிஞ்சுது, அதனால சந்தேகமே வரல.

மறுநாள் எஸ்டேட்டுக்குள்ள போய் ரோடு ரெண்டா பிரியற இடத்துல போனை எடுத்துப் பார்க்கறேன், ஸ்க்ரீன் முழுக்க வெறும் சாம்பல் கலர். நடுவுல நீலப் புள்ளி மட்டும். ஜிபிஎஸ்க்கு நெட்டு தேவையில்லைங்க, சாட்டிலைட்டுல இருந்து நேரா வாங்கிக்கும், அதனால நான் நகர நகர அந்தப் புள்ளி கரெக்டா நகருது, ஆனா ரோடு இல்ல, ஆறு இல்ல, ஊர்ப் பேரு ஒண்ணு இல்ல. மனுஷன் எங்க நிக்கறான்னு போனுக்குத் தெரியுது, எனக்குத் தெரியல! தப்பான பக்கம் இறங்கி, கேட்டு பூட்டியிருந்து, ரிவர்ஸ்லயே திரும்பி வந்து, ஷெட்டுக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் லேட்டு. தராசு ரிப்பேரானதால கொழுந்து எடை போடாம அத்தனை பேரும் தூத்தல்ல நிக்கறாங்க. ஒரு அக்கா சாக்கோட வாயைத் தொறந்து, "கையை விட்டுப் பாருங்க தம்பி, இலை சூடேறிப் போச்சு"ன்னாங்க. கையை விட்டேன், உள்ள கதகதன்னு இருந்துச்சு. என்னத்தைச் சொல்றது அவங்ககிட்ட?

வீட்டுக்கு வந்து கார்டைக் கழட்டி கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தா என் போட்டோ இருக்கு, பாட்டு இருக்கு, மேப் ஃபோல்டரையே காணோம். அப்புறம்தான் தேடிப் படிச்சேன். 2013ல வந்த ஆண்ட்ராய்டு 4.4ல இருந்து, வெளி ஆப் எதுவும் கார்டுல இஷ்டத்துக்கு எழுத முடியாதாம், ஆண்ட்ராய்டுன்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள டேட்டா, அதுக்குள்ள அந்த ஆப் பேருல ஒரு ஃபோல்டர், அங்க மட்டும்தான் தாராளமா எழுதலாம். ஆப்பை அழிச்சா அந்த ஃபோல்டரும் சேர்ந்து போயிடும், கார்டா இருந்தாலும் சரி. கண்ட ஆப்பும் கார்டு பூரா குப்பை போட்டுட்டுப் போயிடக் கூடாதுன்னு வெச்சது, அதுல நியாயம் இருக்கு, நான் இல்லைங்கல. ஆனா நான் கை வலிக்க டைப் பண்ணது குப்பையா? முன்னாடியே ஒரு காப்பி எடுத்து வெச்சிருக்கலாமேன்னு கேப்பீங்க, ஆண்ட்ராய்டு 11 வந்ததுல இருந்து சாதாரண ஃபைல் மேனேஜர்ல அந்த ஃபோல்டருக்குள்ள போகவே விடமாட்டேங்குது. என் கார்டு, என் ஃபைல், எனக்கே கதவு சாத்திடுவாங்களாம்.

இன்னொரு அநியாயம் கேளுங்க. போனுக்குள்ள எஸ்டிகார்டுன்னே பேரு வெச்ச ஒரு ஃபோல்டர் பாதை இருக்கு, அது இப்போ கார்டே கிடையாது, போனோட சொந்த மெமரி! நிஜ கார்டுக்கு நம்பரும் எழுத்தும் கலந்து வேற ஏதோ பேரு. ஒரு சாதாரண ஆளு இதுல எது எங்க இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிப்பான்?

சரி பண்ண முடியாத விஷயமா இது? ஆண்ட்ராய்டு 10லயே வழி இருக்கு, ஆப் எழுதறவங்க ஒரே ஒரு வரி சேர்த்தா போதும், அழிக்கும்போது டேட்டாவை வெச்சுக்கவான்னு போன் கேக்கும். அந்த ஒரு வரியைச் சேர்க்கல. மெமரி கார்டுல சேமின்னு பெருசா ஆப்ஷன் குடுக்கத் தெரிஞ்சவங்களுக்கு, ஆப்பை அழிச்சா இதுவும் அழிஞ்சிடும்னு அதுக்குக் கீழயே எழுத என்ன கஷ்டம்? குறிச்சு வெச்ச இடங்களைத் தனி ஃபைலா வெளிய எடுக்கற வசதி மெனுவுல எங்கயோ ஒளிஞ்சு கிடந்துச்சாம், எல்லாம் போனதுக்கப்புறம் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்.

உங்க போன்லயும் இப்படி மேப் இருந்தா, ஆப் மேல கை வெக்கறதுக்கு முன்னாடி அந்த ஃபைலை எடுத்து உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பி வெச்சுக்கோங்க, தயவுசெஞ்சு. நான் செவ்வாக்கிழமை மறுபடி மலை ஏறணும். தமிழ்நாடு மேப் இப்பதான் இறங்கிட்டிருக்கு. குறிச்சு வெச்ச இடத்துல ஒண்ணு கூட இல்ல, அந்தப் பூட்டுன கேட்டுல இருந்து மறுபடி ஆரம்பிக்கணும்.